காற்றுக்கும் தைப்பனிக்கும் நின்றுபிடிக்கும் சின்னக் கிறீன் ஹவுஸ்: மலைநாட்டு வீட்டுத்தோட்டக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

2019 ஆனி மாதம் ஒரு விடியற்காலை, என் முதல் கிறீன் ஹவுஸ் லயத்துக்கு மேலே 4ஆம் நம்பர் மலையில், தேயிலைச் செடிகளின் தலையில் கிடந்தது. மூங்கில் வளைத்துக் கட்டி, கடைக்காரர் "எல்லாரும் இதத்தான் சேர் கொண்டுபோறாங்க" என்று வெட்டித் தந்த சாதா பொலித்தீனைப் போர்த்தி மூன்று மாதம்கூட ஆகவில்லை. படங்கு கட்டிக்கொண்டு கூடையோடு வேலைக்கு இறங்கிய பக்கத்து வீட்டுப் பெரியம்மா நின்று பார்த்தார். "என்னா தம்பி, ஒன்னோட கடதாசி வீடு எங்களுக்கு முந்தியே மலைக்குப் போயிருச்சு?"

அன்று சிரிக்க முடியவில்லை. ஆனால் எனக்குப் பாடமே அதுதான். குளிர் நாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் பனியை நினைத்துக் கட்டியிருந்தேன். இங்கே கூடாரத்தைக் கொல்வது முதலில் காற்று, அடுத்தது ஈரம். உறைபனி மூன்றாவதாகத்தான் வருகிறது, அதுவும் வருடத்தில் சில இரவுகள் மட்டும். காற்றுக்காகக் கட்ட வேண்டும், ஈரத்துக்காகத் தினமும் திறந்து மூட வேண்டும், பனிக்கு அந்தச் சில இரவுகளில் கூடுதலாக ஒரு வேலை செய்ய வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த வரிசையில்தான் யோசித்தது.

உங்கள் மலை எந்தப் பக்கம்?

பைப் வாங்கக் கடைக்குப் போகுமுன் இதற்கு விடை தெரிய வேண்டும். அட்டன், தலவாக்கலை, கொட்டகலை, நுவரெலியா என்று மேற்குப் பார்த்த மலைகளில் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மழையும் மூடுபனியும் காற்றும் சேர்ந்தே வரும். வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அதே மாதங்களில் மழை குறைவு, ஆனால் மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்று இலையை முறுக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசனை தருகிற அதே காற்று பொலித்தீனைக் கிழிக்கவும் செய்யும். அந்தப் பக்கத்துக்குப் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகு, வருடக் கடைசியை ஒட்டி.

உறைபனி என்பது பெரும்பாலும் நுவரெலியாவும் அதைச் சுற்றிய உயர்ந்த இடங்களும். நகரமே 1868 மீற்றர் உயரம். கந்தப்பளை, சீத்தா எலிய, ஹோட்டன் சமவெளிப் பக்கம் தை, மாசி விடியலில் புல் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பண்டாரவளைக்காரர் இந்த வழிகாட்டியில் பனிப்பகுதியை மேலோட்டமாகப் படித்தால் போதும், காற்றுப்பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

ஆகவே மேற்கு மலைகளில் கட்டுவதற்கு நல்ல காலம் மார்ச், ஏப்ரல். தைப்பனி போய்விட்டது, காற்று இன்னும் வரவில்லை. சட்டம் மண்ணில் இறுகுவதற்கும் அவகாசம் கிடைக்கும்.

இடம்

இலங்கை பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது, உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு மேல். அதனால் கிழக்கு மேற்கா, வடக்கு தெற்கா என்று வெளிச்சத்துக்காக அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். காற்றைத்தான் பாருங்கள். ஆடிக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, கூடாரத்தின் குறுகிய முகம் அந்தத் திசையைப் பார்க்கட்டும். அகன்ற பக்கத்தைக் காட்டினால் அது பாய்மரம்தான். எந்தத் திசை என்று சந்தேகமாக இருந்தால் வளவின் ஓரத்தில் நிற்கும் பழைய கிரண்டிஸ் (யூக்கலிப்டஸ்) மரத்தைப் பாருங்கள், அது சாய்ந்திருக்கும் பக்கம் பதில் சொல்லும்.

பள்ளத்தின் அடியில் வைக்காதீர்கள். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய், தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் தப்பிய போஞ்சி, ஆற்றோரத்துப் பாத்தியில் கருகுவது இதனால்தான். சரிவின் நடுப்பகுதி நல்லது. கூடாரத்துக்குக் கீழே அடர்த்தியான வேலி இருந்தால் ஓரிடத்தில் மூன்றடி வெட்டி வழி விடுங்கள், அந்தக் குளிர்காற்று வடிந்து போகட்டும்.

சமன் வேண்டும் என்பதற்காக மலையைச் செங்குத்தாக வெட்ட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்ததை மறக்காத மலையகத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த இடமென்றால், ஓர் அடி வெட்டுமுன்னும் அவர்களிடமும் கிராம சேவகரிடமும் கேளுங்கள். பத்தடி அகலத்துக்கு ஒன்றரை அடிச் சரிவு இருந்தால் அப்படியே விட்டு, கால்களின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம். கூடாரம் சமனாக நின்றால் போதும், நிலம் சமனாக இருக்கத் தேவையில்லை. தோட்டத்துக் காணியாக இருந்தால் நிர்வாகத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். துரை மாறும்போது வாய்ச்சொல் அவரோடு போய்விடும்.

அளவு: 20 அடிக்கு 10 அடி

ஏன் இந்த அளவு? ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) 20 அடி நீளத்தில் வருகிறது. பத்தடி அகலத்துக்கு அரைவட்டம் வளைத்தால் அது கிட்டத்தட்ட 15 அடி 9 அங்குலம் எடுக்கும். மீதி 4 அடி 3 அங்குலம். இரண்டு பக்கமும் இரண்டடி நேர்க்கால் கிடைக்கும், உச்சி 7 அடி உயரத்தில் நிற்கும். ஒரு பைப்புக்கு ஒரு வளைவு, வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, வீணும் இல்லை. நிலமும் 200 சதுர அடிதான். ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடி, ஆக ஏழு பேர்ச்சஸ் காணியிலும் வீட்டுக்குப் பின்னால் இதற்கு இடம் கிடைக்கும்.

வாங்க வேண்டியவை:

- முக்கால் அங்குல ஜிஐ பைப் 20 அடி, 9. வளைவுக்கு 6, உச்சிக்கு 1, மூலைத் தாங்கலுக்கு 2.
- அதைவிடப் பெரிய ஜிஐ பைப் 2. இவற்றை மூன்றடித் துண்டுகளாக வெட்டினால் 12 கால்குழல். சின்ன பைப் இதற்குள் இறுக்கமாக இறங்க வேண்டும். கடையிலேயே நுழைத்துப் பார்த்து வாங்குங்கள், அளவுச்சீட்டை நம்ப வேண்டாம்.
- யூவி பொலித்தீன், அதாவது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க மருந்து சேர்த்தது, 200 மைக்ரோன் (800 கேஜ் என்றும் சொல்வார்கள்). கூரைக்கு 24 அடி நீளம், 18 அடி அகலம். இரண்டு முகப்புக்கும் பக்கத் திரைகளுக்கும் தனியாக.
- பூச்சி வலை, மூன்றரை அடி அகலத்தில், இரு பக்கத்துக்கும்.
- 2க்கு 1 அங்குல ரீப்பை (மெல்லிய மரச்சட்டம்), போல்ட், திருகாணி, நைலோன் கயிறு, கட்டுக்கம்பி, பழைய சைக்கிள் டியூப்.

காசு தட்டுப்பாடு என்றால் கதவை மரத்துண்டில் செய்யுங்கள், வாளி பழையதாக இருக்கட்டும். பொலித்தீனில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதா பொலித்தீன் மலை வெயிலில் ஒரு போகத்துக்குள் மொறுமொறுவென்று உடையும். யூவி போட்டது ஒழுங்காகப் பார்த்தால் மூன்று வருடமாவது தாங்கும். சுருளின் ஓரத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். எதுவும் அச்சடிக்காத சுருளை "யூவிதான்" என்று வாயால் சொன்னால் நான் இப்போது வாங்குவதில்லை.

பீவீசி பைப்பில் வளைப்பவர்களும் உண்டு. மலிவு, வளைப்பது லேசு. ஆனால் பீவீசியில் உள்ள குளோரின் பொலித்தீனோடு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் அதை அரித்துவிடும். வேறு வழியில்லை என்றால் பொலித்தீன் படும் பக்கம் முழுக்க வெள்ளைப் பெயின்ட் பூசி, மேலே துணி நாடா சுற்றுங்கள். காற்றுக் குறைந்த மடிப்பான இடத்துக்கு அது போதும். திறந்த மலைக்கு ஜிஐதான்.

குறி போட்டு, கால் நடுவது

நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். 20, 10 என்று அளந்துவிட்டால் சதுரம் வந்துவிடாது. மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும்: இரண்டு குறுக்களவும் 22 அடி 4 அங்குலத்துக்குச் சற்று மேலே, ஒன்றுக்கொன்று சமமாக வர வேண்டும். அரை அங்குலம் பிசகினால் பரவாயில்லை. நாலு அங்குலம் பிசகினால் கடைசியில் பொலித்தீன் ஒரு மூலையில் இறுகி, மறு மூலையில் பை போலத் தொங்கும். சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு படுக்க வைக்காமல் மட்டமாகப் பிடித்து அளவுங்கள்.

நீளப்பக்கத்தில் நான்கு அடிக்கு ஒரு கால், ஒரு பக்கத்துக்கு ஆறு. குழலை இரண்டடி மண்ணுக்குள் இறக்குங்கள், ஓர் அடி வெளியே நிற்கட்டும். கெட்டி மண்ணென்றால் அலவாங்கால் துளை போட்டு அடித்து இறக்கலாம். வெட்டி நிரப்பிய மண் பிடிக்காது, அங்கே எல்லாவற்றுக்கும் கொங்கிறீட் வேண்டும்.

எப்படியிருந்தாலும் நான்கு மூலைக்கும் கொங்கிறீட் போடுங்கள். ஏனென்று ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று இந்தக் கூரைக்கு மேலால் போகும்போது அதை மேல்நோக்கி இழுக்கும் விசை 200 கிலோவைத் தாண்டும். நான்கு மூட்டை சீமெந்தை அந்தரத்தில் தூக்குகிற பலம். பைப் எல்லாம் சேர்ந்தாலும் அதில் பாதிதான் எடை. ஆனால் ஓர் அடிக்கு ஓர் அடி, ஒன்றரை அடி ஆழக் குழி நிறையக் கொங்கிறீட் போட்டால் அது ஒன்றே கிட்டத்தட்ட 100 கிலோ. மூலை நான்கும் 400. என் மூங்கில் வீட்டுக்கு அடியில் இருந்தது வெறும் மண்.

வளைவும் சட்டமும்

பட்டறையில் வளைத்துத் தருவார்கள். வீட்டிலும் செய்யலாம்: பலகையில் அல்லது கெட்டித் தரையில் அரைவட்டம் வரைந்து, அதன்மேல் முளைகளை நெருக்கமாக அடித்து, இரண்டு பேர் பைப்பைப் பிடித்து மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். விட்டதும் பைப் கொஞ்சம் விரியும், அதனால் முளை வளைவை ஐந்தடி ஆரத்தில் போடாமல் நாலரை அடியில் போட்டு, முதல் வளைவை அளந்து பார்த்துத் திருத்துங்கள். இரு முனையிலும் இரண்டடியைச் சுண்ணாம்பால் குறித்து, அதை வளையாமல் விட வேண்டும். முதல் வளைவுக்கு ஒரு மணித்தியாலம் போகும், ஆறாவதுக்குப் பத்து நிமிடம்.

காலை ஓர் அடி குழலுக்குள் இறக்கி, இரண்டையும் சேர்த்துத் துளைத்து போல்ட் போடுங்கள். போல்ட் இல்லாமல் செருகி மட்டும் விட்டால் காற்று உருவிக்கொண்டு போய்விடும். உச்சிப் பைப்பை உள்பக்கமாக, வளைவுகளுக்குக் கீழே கட்டுங்கள். மேலே கட்டினால் பொலித்தீன் அதில் தேயும். மூலைத் தாங்கல் நான்கு: முதல் வளைவின் அடியிலிருந்து இரண்டாவது வளைவின் தோள் வரை சாய்வாக, ஆறரை அடி நீளத்தில். இது இல்லாமல் நிற்கும் சட்டம் காற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டு மாதிரி படுத்துவிடும்.

நேர்க்கால் முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில், அதாவது தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், இரண்டு பக்கமும் நீளத்துக்கு ஒரு ரீப்பையைப் பைப்போடு போல்ட் போடுங்கள். கூரைப் பொலித்தீன் இதில்தான் முடியப் போகிறது. அதற்குக் கீழே இரண்டடியும் வலை.

பொலித்தீன் போடுமுன் எல்லாப் பைப்பின் மேல்முகத்தையும் கையால் தடவிப் பாருங்கள். கம்பி முனை, வெல்டிங் முடிச்சு, கூர்மையான போல்ட் எது தட்டுப்பட்டாலும் தேய்த்துவிட்டு சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். வெயிலில் காய்ந்த இரும்பும் பொலித்தீனைச் சுட்டு நலிவாக்கும். மேல்முகத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பூச்சு இருந்தால் அந்தச் சூடு குறையும்.

பொலித்தீன் போடும் நாள்

காற்றில்லாத, இளவெயில் அடிக்கும் காலை. ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள், மலையில் அதற்குப் பிறகு காற்று எழும்பிவிடும். இளஞ்சூட்டில் பொலித்தீன் கொஞ்சம் இளகியிருக்கும். அப்போது இழுத்துக் கட்டினால் மாலைக் குளிரில் சுருங்கி மேளம் மாதிரி இறுகும். குளிரில் இறுக்கிக் கட்டியது மதியம் தளர்ந்துபோய் இரவெல்லாம் படபடக்கும். நான்கு பேராவது வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு, மூலைக்கு ஒரு ஆள்.

முதலில் இரு முகப்பிலும் நடுவில் ஒவ்வோர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நீளப்பக்கம்: மிச்சமுள்ள ஓர் அடிப் பொலித்தீனை இன்னொரு ரீப்பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதைச் சட்டத்து ரீப்பையோடு வைத்துத் திருகாணி போட வேண்டும். பொலித்தீனில் நேராக ஆணி அடித்தால் ஒவ்வோர் ஆணித்துளையும் கிழிசலுக்கு வாசல். அடுத்து எதிர்ப்பக்கம், நடுவிலிருந்து இரு முனைக்கும் இழுத்துக்கொண்டே போங்கள். சுருக்கம் இல்லாமல், விரலால் சுண்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும்.

பிறகு நைலோன் கயிறு. ஒவ்வோர் இரண்டு வளைவுக்கும் நடுவில், கூரைக்கு மேலால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போட்டுக் கீழே இழுத்துக் கட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொலித்தீன் ஒரே அடியில் கிழிவது அபூர்வம். இரவெல்லாம் படபடவென்று பைப்பில் அடித்து அடித்து, அந்தக் கோட்டில் வெளிறி, ஒரு நாள் பிளக்கும். கயிறு அந்தப் படபடப்பை அடக்குகிறது.

வாய், கதவு, திரை

பக்கத்து வலையின் அடியை ஓர் அங்குலம்கூட விடாமல் மண்ணில் புதையுங்கள். விட்ட இடம்தான் எலிக்கும் நத்தைக்கும் வழி. வலைக்கு வெளியே பொலித்தீன் திரை, மேல்முனை ரீப்பையில், கீழ்முனையில் ஒரு மூங்கில் சுற்றி. சுருட்டினால் திறப்பு, விட்டால் மூடல். இரு முகப்பிலும் உச்சிக்கு அருகில் ஒரு முழம் அகலத்துக்கு ஜன்னல் வெட்டி வலை கட்டுங்கள், வெக்கை மேலேதான் ஏறி நிற்கும். அதற்கும் இரவில் மூட ஒரு மடல் வேண்டும். கதவு காற்று வராத முகப்பில், வெளிப்பக்கம் திறப்பதாக. கொக்கி இரண்டு போடுங்கள், ஒன்று தாழ்வாக. ஒரே கொக்கியில் ஆடும் கதவுதான் முதல் ஓட்டை.

பூனையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தைக் குளிரில் அதற்கு இந்தக் கூரையின் இளஞ்சூடு ரொம்பப் பிடிக்கும். நகம் பதிந்த இடமெல்லாம் ஒரு பொட்டு வெளிச்சம். ஏறுகிற மூலையில் முள்ளுக்கொப்பு இரண்டு கட்டியிருக்கிறேன்.

கான்

இந்தக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 185 லீற்றர் தண்ணீர் இறங்கும். ஏறத்தாழ ஒரு பீப்பாய். அடை மழையில் ஒரு மணித்தியாலத்தில் பல பீப்பாய். அது முழுவதும் கால்களின் அடியில்தான் விழும். மேல்பக்கம் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் ஒரு கான், பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு. மலையிலிருந்து வரும் தண்ணீரை அது பிடித்து ஓரமாகக் கொண்டுபோகட்டும். கூரைத் தண்ணீருக்கு இரு பக்கமும் கல் நிரப்பிய சின்னக் கான். கான் வெட்டத் தெரியாத ஆள் நம் மலையில் இல்லை, அதனால் இதை நீட்டவில்லை. வெளியேறும் முனை பக்கத்து வீட்டு இஸ்தோப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டைக்குப் பொலித்தீன் விலை பரவாயில்லை.

காற்று மாதங்கள்

மே முதல் வாரம் எல்லா போல்ட்டையும் கயிற்றையும் இறுக்கிப் பாருங்கள். கிழிசலைச் சாதா டேப்பால் ஒட்டினால் பத்து நாளில் உரிந்துவிடும். பொலித்தீன் ஒட்டுவதற்கென்றே வரும் யூவி டேப்பை, துடைத்துக் காயவைத்து, உள்ளும் வெளியும் ஒட்டுங்கள்.

பலமான காற்று அடிக்கும்போது காற்று வரும் பக்கத்தை முழுக்க மூடுங்கள். பக்கத் திரையின் மேல் குறுக்காகக் கயிறு, அடியில் மண் நிரப்பிய உர மூட்டைகளை வரிசையாக. காற்று உள்ளே நுழையும் ஓட்டை பெரிதாகவும் வெளியேறும் வழி சிறிதாகவும் இருந்தால் கூடாரம் ஊதிய பலூன் ஆகிவிடும். ஆகவே திறக்க வேண்டுமென்றால் மறைவான பக்கத்தை மட்டும்.

மழையில் இரண்டு வளைவுக்கு நடுவே தண்ணீர்ப்பை தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் உள்ளேயிருந்து விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தள்ளி வடியுங்கள், காய்ந்ததும் அந்த இடத்தை மறுபடி இழுத்துக் கட்டுங்கள். வாளித் தண்ணீர் பத்துக் கிலோ என்பதை மறக்க வேண்டாம்.

ஈரம்

எனக்குக் காற்று ஒரு கூடாரத்தைத்தான் கொண்டுபோனது. ஈரம் மூன்று தக்காளிப் போகத்தைக் கொண்டுபோயிருக்கிறது.

மூடிய கூடாரத்தில் விடியற்காலை கூரையின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. சூரியன் வந்ததும் அது செடியின் மேல் சொட்டும். இலை பல மணித்தியாலம் ஈரமாக, காற்றும் 12 பாகையிலிருந்து 20 பாகைக்குள் குளிர்ச்சியாக இருந்தால் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் கருகல் நோய் வர வேறொன்றும் தேவையில்லை. முதலில் இலை ஓரத்தில் வெந்நீர் பட்டது போல ஒரு கரும்பச்சைத் திட்டு. அதைப் பார்த்த அன்றே அந்த இலையைப் பிடுங்கிப் பையில் கட்டி வெளியேற்றாவிட்டால் வாரக் கடைசியில் பாத்தியே கறுத்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். காலை எட்டு, எட்டரைக்கு மேல் ஜன்னலும் ஒரு பக்கத் திரையும் திறக்க வேண்டும், வெளியே மழையாக இருந்தாலும் மறைவான பக்கத்தைத் திறக்கலாம். தண்ணீர் காலையில் மட்டும், வேரடியில் மட்டும். மாலையில் பூவாளியோடு உள்ளே போகாதீர்கள். தக்காளியைத் தனித்தண்டாகக் கயிற்றில் ஏற்றி, அடியில் ஓரடி உயரத்துக்கு இலையைக் கிள்ளிவிடுங்கள், காற்று நடமாடட்டும். வெளியே நெருக்கமாக நடும் பழக்கத்தைக் கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

மண்ணில் பக்ரீரியா வாடல் இருக்கும் இடங்களில் (நுவரெலியா கிழங்குக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்) தக்காளியையும் குடைமிளகாயையும் தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்த பைகளில் வையுங்கள், பையின் அடி மண்ணில் படாமல். சாம்பல்நோய்க்கு கந்தகம் அடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கந்தகம் பொலித்தீனின் யூவி மருந்தையும் தின்னும். கூரையில் படாமல் அடியுங்கள். அதே காரணத்துக்காகப் பாசி படிந்த கூரையைக் குளோரின் போட்டுக் கழுவாமல், சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். நோய் என்னவென்று பிடிபடாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டுவது அதைவிட நல்லது.

தைப்பனி

இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. பொலித்தீன் போர்வை இல்லை. பகலில் மண் குடித்த சூடு இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்குப் போகிறது. கண்ணாடி அதைத் தடுக்கும். சாதாரணப் பொலித்தீன் அதில் பெரும்பகுதியை அப்படியே வெளியே விட்டுவிடும். மேகமோ மூடுபனியோ இருக்கும் இரவில் பயமில்லை, அது கம்பளி மாதிரி மேலே கிடக்கும். வானம் துடைத்து வைத்தது போலத் தெளிந்து, காற்றும் அசையாத இரவில் கூடாரத்தின் உள்ளும் வெளியும் குளிர் ஏறத்தாழ ஒன்றுதான். நான் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு வெப்பமானி தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு தை விடியலில் வெளியே 2 பாகை, உள்ளே 3. நாய்க்கு வைத்த தண்ணீரின் மேல் கண்ணாடித்தாள் போல ஒரு பனித்தோல்.

வெப்பமானியைத் தலை உயரத்தில் தொங்கவிடாதீர்கள். செடியின் உயரத்தில் வையுங்கள். நின்றபடி படிக்கும் உயரத்தில் 4 பாகை காட்டும்போதே புல்லில் பனி உறைந்துவிடும்.

அந்த இரவை மாலையிலேயே கண்டுபிடிக்கலாம். மத்தியானம் முழுக்க மேகமில்லாத நீலம், நாலு மணிக்கே கைவிரல் நுனி சில்லிடுதல், பொழுது சாயும்போது காற்று சட்டென்று நின்றுபோதல், லயத்து அடுப்புப்புகை மேலே போகாமல் பள்ளத்தில் படிந்து கிடப்பது. இந்தப் புகைதான் என் வானிலை அறிக்கை.

அப்படியொரு நாளில்:

காலையிலேயே மண்ணுக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள், இலை நனையாமல். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். பிற்பகல் மூன்று, மூன்றரைக்கு, வெயில் இருக்கும்போதே திரை, ஜன்னல் எல்லாம் மூடுங்கள். ஐந்தரைக்கு மூடினால் குளிரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள்.

கறுப்புப் பெயின்ட் அடித்த 200 லீற்றர்ப் பீப்பாய் இரண்டைத் தண்ணீர் நிரப்பி வெயில் படும் இடத்தில் உள்ளே நிறுத்துங்கள். ஒரு பீப்பாய் இரவில் 5 பாகை ஆறினால் ஒரு யூனிற் மின்சாரத்துக்குச் சற்று அதிகமான சூட்டை வெளியே விடும். பெரிய அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம், ஒன்றிரண்டு பாகைதான் வித்தியாசம். ஆனால் செடி தப்புவதும் கருகுவதும் அந்த ஒன்றிரண்டில்தான். பகலில் அதே தண்ணீரைச் செடிக்கு விடலாம், குளிர்ந்த பீலித் தண்ணீரைவிட வேருக்கு இதம்.

உண்மையில் காப்பாற்றுவது உள்போர்வை. பாத்தியின் மேல் கம்பியைச் சின்ன வளைவாக ஊன்றி, பழைய சேலையை அதன்மேல் விரியுங்கள். அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்று இரண்டு பாத்தியை மூடும். துணி இலையில் படக்கூடாது, ஒரு சாண் இடைவெளி வேண்டும். பட்ட இடத்தில் இலை கருகும். ஓரங்கள் தரை வரை வந்து கல் வைத்து மூடியிருக்க வேண்டும், மண்ணின் சூடு உள்ளேயே நிற்க. காலை எட்டரைக்கு எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். ஈரச் சேலையை மறுநாள் போர்த்தினால் அதுவே உறையும்.

கரிச்சட்டி, மண்ணெண்ணெய் விளக்கு எதையும் உள்ளே வைக்காதீர்கள். மூடிய பொலித்தீனுக்குள் கரிப்புகை ஆளையே கொல்லும். புகையில் உள்ள வாயு பூவையும் உதிர்க்கும். தீப்பிடித்தால் பொலித்தீன் சொட்டிச் சொட்டி எரியும்.

பயிரையும் காலத்துக்குப் பொருத்துங்கள். தக்காளிக்கு இரவுக் குளிர் 13 பாகைக்குக் கீழே போனால் பூ பிடிப்பது குறைந்துவிடும். அதனால் நுவரெலியா உயரத்தில் தை, மாசியில் கூடாரம் சலட்டுக்கும் ஸ்ட்ரோபெரிக்கும், அடுத்த போகத்து நாற்றுக்கும். குடைமிளகாயும் தக்காளியும் பங்குனி தொடங்கி. பூக்கும் காலத்தில் காலை பத்து மணிபோலத் தக்காளிக் கயிற்றை விரலால் சுண்டிவிடுங்கள். வெளியே காற்றும் வண்டும் செய்யும் மகரந்தச் சேர்க்கை வேலையை வலைக்குள் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரு விடியலில் இலையில் வெள்ளை படிந்துவிட்டால், வெயில் படுமுன் உள்ளே போங்கள். கிழக்குப் பக்கத்தில் ஒரு சேலையைத் தொங்கவிட்டு நிழல் கொடுங்கள், பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். மாலையில் இலையை நனைக்காதே என்று சொன்னது இந்த ஒரு காலைக்குப் பொருந்தாது. உறைந்த இலை மெதுவாக இளக வேண்டும், சட்டென்று வெயில் பட்டால்தான் கறுக்கும். கறுத்துப்போன இலைகளை அன்றே வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், அடுத்த இரவு பனி வந்தால் உள்ளிருக்கும் குருத்துக்கு அந்தச் செத்த இலைதான் போர்வை. இரண்டு வாரம் போகட்டும், எங்கே துளிர் வருகிறதென்று தெரியும். கவ்வாத்துக் கத்தி அதுவரை இஸ்தோப்பு இறவாரத்திலேயே இருக்கட்டும்.